பாரந்தாங்கி

1997ஆம் ஆண்டு மெதின் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை தினத்தன்று, பின்னேரம் மூன்று மணிக்கு, கித்துல்கந்தைத் தோட்டத்துப் புகைவீட்டின் மூன்றாம் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ரப்பர் பெக்டரியின் தலைமைப் பிட்டர் செல்லையா. அவருடைய ஒரே தம்பி ஸ்ரீதரன், ரோலர்காரன். ஸ்ரீதரனின் மனைவி ஜீவராணி. ருவான்வெல்லையில் பழைய இரும்புக்கடை வைத்திருக்கும் நுஹ்மான். தோட்டத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக வந்திருந்த ஓய்வுபெற்ற மேஜர் ஹபுவாராச்சி. இவர்களைத் தவிர வேறு யாரும் இருந்ததாகச் சொன்னால், சொல்கிறவர் அங்கே இல்லாதவர்.

ஐந்து பேரில் முதலில் பயந்தவர் செல்லையா. அதுவும் அன்றைக்கல்ல, ஏழு கிழமைக்கு முன்பு, பிறர் கண்ணில் படாத ஒரு சின்ன விஷயத்துக்கு.

அது தை மாதக் கடைசி. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நிற்கிற காலம்; பால் குறைவு, ரோலர்கள் பகல் பதினொரு மணிக்கே ஓய்ந்துவிடும். ஓய்ந்த பிறகு பெக்டரியில் கேட்பதெல்லாம் தண்ணீர்த் தொட்டியின் சொட்டும், புகைவீட்டு அடுப்பில் ஈரவிறகு சீறுவதும், தகரக் கூரைமேல் காய்ந்த இலைகள் உரசிக்கொண்டு போவதும்தான். புளித்த பாலும் அசிட்டும் புகையும் கலந்த அந்த வாசனைக்குள்ளேயே முப்பத்தொரு வருஷம் வேலை செய்த செல்லையா, பகல் சாப்பாடு முடித்து வந்து மூன்றாம் அறையைத் திறந்தார். கூரை ஒழுகுவதால் ரப்பர் ஷீட் காயப்போடாமல் சும்மா விட்டிருந்த அறை அது. சுவரில், இரும்புக் கொளுக்கியில், அவர் கையால் செய்த சாமான் தொங்கியது. அதைப் பார்த்தவர் கதவில் வைத்த கையை எடுக்காமல் நின்றுவிட்டார்.

அந்தச் சாமானுக்கு அவர் வைத்த பெயர் பாரந்தாங்கி. இடுப்பைச் சுற்றி ஓர் அகலமான பட்டை, ரோலர் ஓட்டுகிற பழைய கன்வஸ் பெல்ட்டில் வெட்டியது. தோளுக்கு இரண்டு வார். வலது இடுப்பிலிருந்து முன்னால் நீளும் ஓர் இரும்புக் கை, நடுவில் முழங்கை மாதிரி ஒரு மடிப்பு, மடிப்பின் இரு புறமும் லொறி பொனட்டிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகள். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் மேசையில் ஒரு விளக்கு உண்டு, எங்கே இழுத்துவிட்டாலும் அங்கேயே நிற்கும். இதுவும் அதே வேலைதான். கையின் நுனியில் பதினொரு கிலோ இயந்திரத் துவக்கை மாட்டினால் அது நெஞ்சு மட்டத்தில் மிதக்கும். சிப்பாயின் கைக்குப் பாரம் தெரியாது. பாரமெல்லாம் இடுப்புக்குப் போய்விடும். நிஜத் துவக்கு ஒரு நாளும் அந்த அறைக்குள் வந்ததில்லை. ரப்பர் மரக்கட்டையைத் துவக்குப் போலச் செதுக்கி, அதன் வயிற்றில் இரும்புத் தண்டை இறக்கி, சரியாகப் பதினொரு கிலோவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதை மாட்டித்தான் பரீட்சை.

இப்போது அந்தக் கட்டை மூலையில் சாத்திக் கிடந்தது. இரும்புக் கையில் ஒன்றும் இல்லை. பாரம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் இழுத்து, கை கூரையைப் பார்த்து எழும்பிவிட வேண்டும். நேற்று அவர் பூட்டிவிட்டுப் போகும்போது அப்படித்தான் எழும்பி நின்றது. இன்றைக்கு அது நெஞ்சு மட்டத்தில் நேராக நீண்டிருந்தது. பதினொரு கிலோ தொங்கினால் எப்படி நிற்குமோ அப்படி.

வேறு யார் பார்த்திருந்தாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. அதைச் செய்த பிட்டருக்கு அது போதுமாக இருந்தது.

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கிட்டப் போய் ஒரு விரலால் கையைத் தட்டினார். வெறுங்கை என்றால் விலுக்கென்று துடிக்கும். இது மெல்ல அசைந்து, கனத்து, நின்றது. துவக்கு இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக்குள் உள்ளங்கையை விட்டுப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வாசனை மட்டும் வந்தது. காய்ந்த செம்மண் புழுதியின் வாசனை, வாய்க்குள் கரகரக்கிற மாதிரி. அந்தத் தோட்டம் இருக்கிற சப்ரகமுவையில் எந்த மாதத்திலும் மண் அப்படிக் காய்வதில்லை.

செல்லையா இந்த வேலையை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. முந்தின வருஷம் ஸ்ரீதரன் கொழும்புக்குப் போன இடத்தில் ஒரு ராணுவச் சுற்றிவளைப்பில் அகப்பட்டான். பதினாறு நாள் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. மேஜர்தான் ஊன்றுகோலோடு படியேறி இறங்கி, ஆளை மீட்டு, தம் ஜீப்பிலேயே கொண்டுவந்து தொழிலாளர் லயத்து வாசலில் இறக்கினார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றிருக்கலாம். கேட்காமல் விட்டதுதான் செல்லையாவின் தொண்டையில் முள்ளாக நின்றது. எட்டு மாதம் கழித்து மேஜர் ஒரு படத்தை விரித்து வைத்துக்கொண்டு, கைத்தொழில்காரரை அழைக்கிற ‘பாஸ்’ என்ற சொல்லால் கூப்பிட்டு, சிங்களத்தில், தணிந்த குரலில் சொன்னார்:

"பாஸ், என்னிடம் ஒரு பையன் இருந்தான், இயந்திரத் துவக்குக்காரன். மூன்று நாள் நடை. மூன்றாம் நாள் கை சோர்ந்து துவக்கை ஒரு நிமிஷம் தாழ்த்தினான். ஒரே நிமிஷம். அப்போதுதான் வந்தார்கள். பதினேழு பேர் போனோம். நான் மட்டும் இந்தக் காலோடு திரும்பினேன்."

"நான் ரப்பர் மெஷின்காரன், மாத்தயா."

"கொல்லுகிற சாமான் கேட்கவில்லை, பாஸ். தாங்குகிற சாமான். கை சோரக்கூடாது, அவ்வளவுதான்."

மறுக்க வழியில்லை. ஆனால் வெளியே தெரியவும் கூடாது. தமிழன் ராணுவத்துக்குச் சாமான் செய்கிறான் என்று ஒரு பக்கம் தெரிந்தாலும் கேடு, தமிழன் துவக்குச் சாமான் செய்கிறான் என்று மறுபக்கம் தெரிந்தாலும் கேடு. மூன்று தலைமுறையாகத் தோட்டத்து வம்புப் பேச்சில் அந்தக் குடும்பத்தின் பெயர் அடிபட்டதில்லை. ஆகவே ஸ்பிரிங் வாங்கும்போதே பொய் சொல்ல வேண்டியிருந்தது.

"லொறி பொனட் ஸ்பிரிங் நாலு? லொறி இல்லாத மனிசனுக்கு என்னத்துக்கு பிட்டரையா?" என்று கேட்டார் நுஹ்மான்.

"கோழிக்கூட்டுக் கதவுக்கு."

"அல்லாவே! அப்ப நீங்க வளக்கிறது கோழி இல்ல, யானையா இரிக்கும்."

போட்டுப் பார்க்க ஆள் வேண்டும். பெக்டரியிலேயே அகலமான தோள் ஸ்ரீதரனுக்கு. எழுபத்தொரு கிலோ ஆள். முதல் ஞாயிற்றுக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு, கட்டையை மாட்டிக்கொண்டு, திருவிழாவில் கரகம் ஆடுகிறவன் மாதிரி அறைக்குள் சுற்றினான்.

"அண்ணே, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு! இத ரோலர் வேலைக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க, நான் பென்சன் வரைக்கும் உக்காந்தே சாப்பிடுறேன்."

மேஜர் அன்றைக்குத்தான் சிரித்தார்.

குறைகள் ஒவ்வொன்றாகப் பிறகு தெரிந்தன. அதைக் கட்டிக்கொண்டு குப்புறப் படுக்க முடியாது. இரும்புக் கை ஆளை நெம்பித் தூக்கும். மர வரிசைக்குள் நடந்தால் மரத்தில் கட்டிய பால் சிரட்டைகளில் மாட்டும். ஓடினால் கட்டை முன்னே போய் ஆளை இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் இடுப்பெலும்பின் மேல் தோல் உரிந்தது. எல்லாவற்றிலும் பெரிய பிழை செல்லையாவுடையது. பட்டையைப் பூட்டுகிற ஆணியை அவர் முதுகுப் பக்கம் வைத்திருந்தார். ரோலரில் நிற்கிறவன் முன்பக்கம் முடிச்சு வைக்கமாட்டான், பொத்தான் வைக்கமாட்டான். ரோலர் அதைக் கவ்வினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். அந்தப் பழக்கத்தில் கை தானாக ஆணியைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. கட்டிக்கொண்டவன் தானாக மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது.

"சிப்பாய் தனியாக நின்றால் என்ன செய்வான், பாஸ்?" என்றார் மேஜர்.

"மாத்திடுறேன், மாத்தயா."

மாற்றவில்லை. தம் வேலையில் பிழை என்று ஒருவர் சொல்லி அதைத் திருத்துவதற்கு செல்லையாவுக்கு மனம் வரவில்லை. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று போனது.

கொளுக்கியில் இரும்புக் கை வெறுமையாக நீண்டிருந்ததைப் பார்த்த பிறகு, அவர் அறைக்கு இரண்டாவது பூட்டுப் போட்டார். இரண்டு சாவியும் அவர் இடுப்பில். தம்பியிடம் சொல்லவில்லை. மேஜரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது?

ஆறாம் நாள், மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு பின்னேரத்தில், புகைவீட்டுப் பக்கம் போனவருக்கு உள்ளே ஸ்பிரிங் முனகுகிற சத்தம் கேட்டது. மெல்ல. இடமிருந்து வலம் போய், பிறகு திரும்பி வருவது போல. பூட்டு இரண்டும் பூட்டியபடியே இருந்தன. இரண்டு சாவியையும் போட்டுத் திருப்பினார். திறந்தார். புகைக்கறை படிந்த அந்த அறையின் நடுவில், கூரை ஓட்டை வழியாக விழுந்த ஒரு கை அகல வெளிச்சத்தில், ஸ்ரீதரன் பாரந்தாங்கியைக் கட்டிக்கொண்டு நின்றான். கட்டை மூலையில் கிடந்தது. இரும்புக் கை நேராக நீண்டிருந்தது. அவனுடைய இரண்டு கைகளும் இல்லாத ஒன்றைப் பிடித்திருந்தன.

"எப்படிடா உள்ள வந்த?"

"தொறந்துதானே இருந்துச்சு, அண்ணே."

செல்லையா அவன் முதுகுப் பக்கம் போனார். ஆணி அடிவரை இறங்கி, இறுகி, சரியாகப் பூட்டியிருந்தது.

"ஆணி யாருடா போட்டது?"

ஸ்ரீதரன் கழுத்தை மட்டும் திருப்பிச் சிரித்தான். "என்னாண்ணே வெளையாடுறீங்க? நீங்கதானே போட்டீங்க. இப்பத்தானே பின்னால நின்னீங்க."

அவர் ஆணியைக் கழற்றி, தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வெளியே மழை கொட்டியது. மழையிலும் அந்தப் புழுதி வாசனை அவர் மூக்கைவிட்டுப் போகவில்லை.

நாலு நாள் கழித்து ஜீவராணி வந்தாள். செல்லையாவை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவர் முன்னால் உட்காரமாட்டாள். அன்றைக்கு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, ஒங்க தம்பி கைய எறக்க மாட்டேங்கிறாரு."

"என்ன சொல்ற?"

"இப்பிடி." அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் நீட்டி, ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்துக் காட்டினாள். "சோறு நாந்தான் ஊட்டுறேன். லயத்துப் பொம்பளைங்க சிரிக்கிறாளுக, புருஷனுக்கு என்னாடி ராஜ உபசாரம்னு. நானும் சேந்து சிரிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா தூங்கயிலயும் அப்பிடியேதான் மாமா இருக்குது. போர்வைய அந்தக் கை மேல போட்டா கூடாரம் மாதிரி நிக்குது. யாராச்சும் வாசல் பக்கம் நடந்தா, கண்ணு மூடியிருக்கயிலேயே கை அந்தப் பக்கம் திரும்புது."

"நோகுதாமா?"

"அதான் மாமா பயமா இருக்கு. நோகவே இல்லியாம்."

செல்லையா ஒரு காரணமும் சொல்லாமல் தம்பியைப் பெக்டரிக்குக் கூட்டிவந்து, ஷீட் கட்டுகள் நிறுக்கிற பெரிய தராசில் ஏற்றினார். எழுபத்தொரு கிலோ ஆள். தராசு ஐம்பத்தெட்டு காட்டியது. அவன் மெலிந்திருக்கவில்லை. கன்னம் வற்றவில்லை, தோள் சுருங்கவில்லை, சட்டை தொளதொளக்கவில்லை. அதே ஆள்தான் நின்றான். பாரம் மட்டும் இல்லை.

மூன்றாம் அறைக்குப் போனார். இரும்புக் கை நெஞ்சு மட்டத்திலிருந்து இறங்கி, இடுப்புக்குக் கீழே தொங்கியது. ஸ்பிரிங்குகள் நீண்டு, விறைத்து, அறுபடப்போவது போல முனகின. ஒன்றுமில்லாத நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். முடியவில்லை.

பாரத்தை வாங்கிக்கொள்ளத்தான் அதைச் செய்தார். அது வாங்கிக்கொண்டிருந்தது.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெக்டரிக்குப் பின்னால், பலாமரத்தடியில், ரோதைமுனிக்கு ஒரு கல். சுழல்கிற, நசுக்குகிற எல்லா மெஷினுக்கும் காவல் அந்தச் சாமி. புது மெஷின் வந்தால் தலைமைப் பிட்டர் எல்லார் முன்னாலும் நின்று, இது இன்ன மெஷின், இதன் தீனி இன்னது என்று உரக்கச் சொல்லிச் சேவல் கொடுக்க வேண்டும். ரோலருக்குத் தீனி பால். அடுப்புக்குத் தீனி விறகு. தீனி சொல்லாத மெஷின் தன் தீனியைத் தானே தேடிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. ஒரு தடவை சொல்லாமல் விட்டு ஒருவனுடைய நாலு விரல் போனதைச் செல்லையாவே பார்த்திருக்கிறார். பாரந்தாங்கியை அவர் அந்தக் கல்லுக்குக் காட்டவில்லை. ஊர் முன்னால் உரக்கச் சொல்கிற சாமான் இல்லை அது.

இப்போது போனார். ஜீவராணி ஒரு சேவலை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். அட்டைகள் ஏறுகிற ஈரத்தில் முழங்காலிட்டு, வாழ்நாளில் யாரிடமும் இறங்கிப் பேசாத அந்த மனிதர், கல்லுக்கு முன்னால் தலையைத் தரையில் வைத்தார்.

"மறைச்சுட்டேன் சாமி. கௌரவம் பார்த்து மறைச்சுட்டேன். இது தாங்குற மெஷின். இதுக்குத் தீனி மரக்கட்டை. என் தம்பி இல்ல. என் தம்பி இல்ல சாமி."

சேவலின் தலையில் மஞ்சள்தண்ணீர் தெளித்தார். சாமி ஏற்றுக்கொண்டால் சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறும். உதறவில்லை. மறுபடி தெளித்தார். ஒரு சொம்புத் தண்ணீரையும் ஊற்றினார். அது நனைந்து ஒட்டிய சிறகோடு, கழுத்தை நீட்டி, புகைவீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. ஜீவராணி வாய்விட்டு அழுதாள்.

"நானே துலுக்கி உட்டுறேன் மாமா, சாமிக்குத் தெரியாது," என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிழமை தராசு நாற்பத்துநாலு காட்டியது. அதற்கடுத்த கிழமை முப்பது. பிறகும் இறங்கிக்கொண்டே போனது.

போயாவுக்கு இரண்டு நாள் முன்பு ஸ்ரீதரன் வீட்டில் இல்லை. எங்கே இருப்பான் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு பூட்டுக்கும் உள்ளே, மூன்றாம் அறையில், பாரந்தாங்கி அவன் இடுப்பில். இந்த முறை ஆணி வரவில்லை. இரண்டே நாளில் இருபது வருஷத் துரு ஏறி, பட்டையோடு ஒன்றாய் இறுகிக் கிடந்தது. சுத்தியலுக்கும் அசையவில்லை. செல்லையா நுஹ்மானிடம் போய் உண்மையைச் சொன்னார். மேஜரிடம் போய், "ஒங்க சாமான நீங்களே வந்து பாருங்க," என்றார்.

மெதின் போயா. பெக்டரி மூடியிருந்தது. கீழே புத்த பன்சலையிலிருந்து ஒலிபெருக்கியில் பிக்கு பண உபதேசம் ஓதுவது காற்றில் வந்து வந்து போனது. மழை வரவில்லை, ஆனால் மழைக்கு முந்தின அந்த மஞ்சள் வெளிச்சம் மரங்களுக்குள் நின்றது. ஐந்து பேரும் அறைக்குள் இருந்தார்கள். அறை புழுதி வாசனையால் நிறைந்திருந்தது.

நுஹ்மான் வாசலிலேயே நின்றார். "பிட்டரையா, இது இரும்புக்கடைக்காரன் வேலை இல்ல. ஓதிப் பாக்கிற லெப்பையக் கூட்டி வந்திரிக்கணும்."

"அறுத்துக் குடுங்க நுஹ்மான் நானா. கெஞ்சிக் கேக்குறேன்."

செல்லையா கெஞ்சி நுஹ்மான் கேட்டதில்லை. அவர் இரும்பு அறுக்கிற வாளை எடுத்துக்கொண்டு முதுகுப் பக்கம் போனார். வாள் இழுக்கிற சத்தம் மட்டும். துருத் தூள் உதிர்ந்தது. ஸ்ரீதரன் வாசலைப் பார்த்து நின்றான். கண் சிமிட்டவில்லை. ஜீவராணி அவன் காலடியில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தொட்டாள்.

"மாமா," என்றாள். மறுபடி, "மாமா. இங்க பாருங்க."

பாதத்துக்கும் தரைக்கும் நடுவே அவள் விரல்கள் போய் வந்தன.

செல்லையா பார்த்தார். பார்க்காதது போல நிமிர்ந்தார். "அறுங்க நானா. நிறுத்தாதீங்க."

ஆணி அறுந்தது. பட்டை திறந்தது. வாரைக் கழற்றினார்கள். இரும்புக் கை, ஸ்பிரிங், பட்டை, எல்லாம் நுஹ்மானின் கையில் வந்தன. அவர் அதை ஒற்றை விரலில் பிடித்தார். காய்ந்த இலைச் சரம் போல இருந்தது. அதைத் தரையில் வைத்தார். சத்தமே இல்லை.

ஸ்ரீதரன் இறங்கவில்லை.

அவன் இடுப்பில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. காலின் கீழே ஒன்றும் இல்லை. கைகள் மட்டும் அப்படியே. ஒன்று முன்னால். ஒன்று பின்னால்.

"தம்பி. கழட்டியாச்சுடா. கைய எறக்கு."

"மாட்டேன் அண்ணே."

"ஏன்டா?"

"எறக்கினா வந்துருவாங்க."

"யாருடா?"

அவன் மோவாயால் வாசலைக் காட்டினான். வாசலில் வெளிச்சம். மரங்கள். வேறொன்றும் இல்லை.

மேஜருக்குத் தமிழ் தெரியாது. "என்ன சொல்கிறான்?" என்று கேட்டார். செல்லையா சொன்னார். மேஜரின் முகத்தில் இரத்தம் வற்றியது. அவர் தம் துவக்குக்காரப் பையனின் கதையைச் செல்லையாவுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். செல்லையா அதை யாருக்கும் சொன்னதில்லை.

ஊன்றுகோலைப் போட்டுவிட்டு மேஜர் நொண்டி நொண்டி முன்னே போனார். தகப்பன் பிள்ளையிடம் பேசுகிற குரலில், சிங்களத்தில், "என்னிடம் கொடு, புதா. நான் வைத்திருக்கிறேன். நீ கொஞ்சம் ஆறு," என்றார். ஸ்ரீதரனின் கைகளுக்குக் கீழே, வெறும் காற்றில், தம் இரண்டு கைகளையும் ஏந்தினார்.

ஒரு சத்தம். காய்ந்த சுள்ளி ஒடிவது போல.

மேஜர் முழங்காலில் விழுந்தார். வலது மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து தொங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்து, "பதினொரு கிலோ இல்லை, பாஸ்," என்றார். "என் பையன்கள் எல்லாரும் இருக்கிறார்கள்."

செல்லையா தம்பியின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே இழுத்தார். முழுப் பலத்தோடு தொங்கினார். ஜீவராணியும் காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஒரு மயிரளவும் இறங்கவில்லை. அவன் உடம்பு சூடாகத்தான் இருந்தது. இதயம் அடித்தது. அண்ணனின் தலைமேல் அவன் மூச்சு வந்து பட்டது.

பிறகு அவன் திரும்பினான். கால் எட்டு வைக்காமல். மெல்ல. வாசலுக்கு நேராக.

அறையை மூடினார்கள். மேஜர் அந்த மாதமே தோட்டத்தைவிட்டுப் போனார். நுஹ்மான் அதற்குப் பிறகு கித்துல்கந்தைப் பக்கம் பழைய இரும்பு எடுக்க வரவில்லை. கம்பனி இரண்டு வருஷத்தில் ஆற்றுப் பக்கம் புதுப் புகைவீடு கட்டிக்கொண்டது; பழையதைச் சுற்றி மானாப் புல் வளர்ந்தது. செல்லையா பென்சன் வாங்கினார். ஜீவராணி ஒவ்வொரு போயாவுக்கும் சோறு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள்.

2009ஆம் ஆண்டு மே மாதம், யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் பட்டாசு வெடித்தது. அறுபத்தெட்டு வயது செல்லையா அன்றைக்குப் பின்னேரம் தடியூன்றி ஏறி, மானாவை விலக்கி, மூன்றாம் அறைக் கதவைத் திறந்தார். புழுதி வாசனை. ஓட்டை வழியாக அதே கை அகல வெளிச்சம். பன்னிரண்டு வருஷம் போயும் ஸ்ரீதரனின் தலையில் ஒரு நரை இல்லை.

"தம்பி," என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு கிட்டப் போனார். "தம்பி, சண்டை முடிஞ்சிருச்சாம்டா. ரேடியோவுல சொல்லிட்டாங்க. இனி யாரும் வரமாட்டாங்க. அண்ணனுக்காக எறக்குடா."

ஸ்ரீதரன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே, திறந்த வாசலைப் பார்த்தான்.

"சும்மா இருங்கண்ணே," என்றான் மிக மெதுவாக. "கிட்ட வந்துட்டாங்க."

ஸ்ரீதரன் துவக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்து செத்துப்போனான் என்று கடைத்தெருவில் சொல்கிறார்கள். அது பொய். அந்த வீட்டு ஆள் எந்தப் பக்கமும் சேரவில்லை, எங்கும் போகவில்லை, சாகவும் இல்லை. மூன்றாம் அறையில்தான் இருக்கிறான். கால் தரையில் படவில்லை.